போஸ்மேன் மறைத்ததும் நாம் தேடியதும்

சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்ட் 28 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் தன் வீட்டில் இறந்தபோது அவருக்கு வயது 43. அன்றிரவு அவருடைய ட்விட்டர் கணக்கில் குடும்பத்தார் வெளியிட்ட அறிக்கையின் மூலம் உலகம் இரண்டு செய்திகளை ஒருசேர அறிந்தது. அவர் இறந்துவிட்டார் என்பது ஒன்று. 2016இலேயே அவருக்கு மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டு, பிறகு அது நான்காம் நிலைக்கு முற்றியது; அறுவைசிகிச்சைகளுக்கும் கீமோதெரபிக்கும் இடையில்தான் அவர் அடுத்தடுத்துப் படங்களில் நடித்துக்கொண்டிருந்தார் என்பது மற்றொன்று. அந்தப் பதிவுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விருப்பக்குறி இட்டார்கள். ட்விட்டரில் அதுவரை எந்தப் பதிவுக்கும் அத்தனை விருப்பக்குறிகள் விழுந்ததில்லை. பெல்ஜியத்தின் ஸ்பா கார் பந்தயத்தில் வென்ற லூயிஸ் ஹாமில்டன், வெற்றி மேடையில் மார்பின் குறுக்கே கைகளை மடித்து, ‘பிளாக் பேந்தர்’ படத்தில் வரும் ‘வக்காண்டா’ வணக்கம் செய்தார். ஏபிசி தொலைக்காட்சி அந்தப் படத்தை விளம்பர இடைவேளையே இல்லாமல் ஒளிபரப்பியது. கொரோனாவால் ஏப்ரலிலிருந்து தள்ளிப்போன, கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் பெயரிலான தினத்தை அமெரிக்க பேஸ்பால் அணிகள் கொண்டாடியதும் அவர் இறந்த அதே நாளில்தான். அந்த ராபின்சனாக நடித்துத்தான் போஸ்மேன் பெயர் பெற்றார்.

துக்கம் உண்மையானது; அதில் சந்தேகமில்லை. ஆனால், அந்தத் துக்கத்தினூடே இரண்டு குரல்கள் எழுந்தன. ‘இவ்வளவு வலியை ஒருவரிடமும் சொல்லாமல் சுமந்தாரே, திரையில் மட்டுமல்ல, நிஜத்திலும் இவர்தான் சூப்பர்ஹீரோ’ என்றது ஒரு குரல். ‘சொல்லியிருக்கலாமே, எத்தனை பேர் விழித்துக்கொண்டு பரிசோதனை செய்திருப்பார்கள்’ என்றது இன்னொன்று. முதலாவது புகழ்ச்சி, இரண்டாவது மனக்குறை. பார்வைக்கு எதிரெதிராக இருந்தாலும் இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை: நாம் நேசிக்கும் நடிகரின் உடம்புக்கு நேர்வதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்ற நம்பிக்கை. எனக்கு இரண்டுமே ஒப்புதலில்லை. போஸ்மேன் நோயை மறைத்தது நமக்குப் பாடம் புகட்டுவதற்காகவும் அல்ல, நம்மை ஏமாற்றுவதற்காகவும் அல்ல. வேலை செய்வதற்காக மறைத்தார். ஒரு தொழிலாளி தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த முடிவாக அதைப் பார்த்தால்தான், அந்த முடிவை எடுக்கும்படி அவரை வைத்த தொழில் எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு நாம் வந்துசேர முடியும். தியாகமாக்கினாலும் குற்றமாக்கினாலும் அந்தக் கேள்வி தப்பித்துவிடுகிறது.

அவருக்கு வாய்ப்பு வந்த வேகத்தை முதலில் பார்க்க வேண்டும். தென் கரோலினா மாநிலத்தின் ஆண்டர்சன் என்ற ஊரில் 1976இல் பிறந்தவர். வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது நடிப்பு அல்ல, இயக்கம். நாடகம் எழுதினார், ஹோவர்டு மாணவர் ஒருவரைக் காவலர் சுட்டுக் கொன்ற சம்பவத்திலிருந்து பிறந்த ‘டீப் அஷூர்’ நாடகம் 2005இல் சிகாகோவில் மேடையேறியது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கிடைத்த தொடக்க கால வேடம், கறுப்பின இளைஞன் என்றாலே அப்பன் ஓடிப்போனவன், அம்மா போதைக்கு அடிமை என்று ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டதற்காகப் பறிபோனது. இதை 2018இல் ஹோவர்டின் பட்டமளிப்பு விழாவில் அவரே விவரித்தார். ‘42’ படத்தில் ராபின்சனாக அவர் நாயகனானபோது வயது 36. அடுத்த ஆண்டு ‘கெட் ஆன் அப்’ படத்தில் பாடகர் ஜேம்ஸ் பிரவுன். 2016 மே மாதம் ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தில் வக்காண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் டி’சாலாவாக முதன்முதலில் தோன்றினார், அதே ஆண்டுதான் நோயும் தெரியவந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவருக்குக் கதவு திறந்த கையோடு காலக்கெடுவும் வந்து நின்றது என்று சொல்ல வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷலாக நடித்த படமும், ‘பிளாக் பேந்தர்’ படமும், அதன் பிறகு வந்தவையும் அந்தக் கெடுவுக்குள் செய்து முடித்தவை.

‘பிளாக் பேந்தர்’ வெறும் இன்னொரு சூப்பர்ஹீரோ படமல்ல. கறுப்பினத்தவர் நாயகனாக நடித்த படங்கள் வெளிநாடுகளில் ஓடாது என்பது ஹாலிவுட்டில் வெகுகாலம் கணக்குப் பாடமாகவே சொல்லப்பட்டுவந்தது. சுமார் 20 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, 2018 பிப்ரவரியில் வெளியாகி, உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்து அந்தக் கணக்கை அந்தப் படம் கிழித்துப்போட்டது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் சூப்பர்ஹீரோ படமும் அதுதான். வெள்ளையரால் அடிமைப்படுத்தப்படாத ஒரு நாட்டின் அரசன் ஐரோப்பிய உச்சரிப்பில் ஏன் பேச வேண்டும் என்று வாதாடி, கோசா மொழியின் சாயலில் ஆப்பிரிக்க உச்சரிப்பைக் கொண்டுவந்தவர் போஸ்மேன். இத்தனை பேருடைய எதிர்பார்ப்பும் பணமும் ஒருவரின் தோளில் இருக்கும்போது, அந்தத் தோளுக்குரியவர் புற்றுநோயாளி என்று தயாரிப்பு அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

ஊகிப்பது கடினமல்ல. பெரிய படங்களில் முதன்மை நடிகர்களுக்குக் காப்பீடு எடுப்பது வழக்கம்; அதற்கு முன்பாக மருத்துவப் பரிசோதனையும் நடக்கும். நடிகர் படுத்துவிட்டால் படப்பிடிப்பு நின்று கோடிக்கணக்கில் நட்டம் என்பதால் நோயுள்ளவருக்குக் காப்பீடு கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். அமெரிக்காவில் 1990இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டம், வேலை தருவதாகச் சொல்வதற்கு முன்பு ஒருவரின் உடல்நிலையைப் பற்றி முதலாளி விசாரிப்பதைத் தடைசெய்கிறது. ஏட்டில் நல்ல சட்டம்தான். ஆனால், திரைத் துறையில் யாரும் யாரையும் எழுத்தில் நிராகரிப்பதில்லை. அடுத்த படத்துக்கான அழைப்பு வராது, அவ்வளவுதான். அதற்கு எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியும்? ‘டா 5 பிளட்ஸ்’ படத்தை இயக்கிய ஸ்பைக் லீ, தனக்கும் தெரியாது என்றார். தெரிந்திருந்தால் அவரை அவ்வளவு கடினமான காட்சிகளில் நடிக்க வைத்திருக்க மாட்டேன், அதனால்தான் அவர் சொல்லவில்லை என்பது புரிகிறது என்றும் சொன்னார். லீ கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, அன்பினால்தான் பேசினார். அந்த அன்பே போஸ்மேனின் வேலையைக் குறைத்திருக்கும் என்பதுதான் விஷயம். ‘பிளாக் பேந்தர்’ இயக்குநர் ரயன் கூக்ளருக்கும் தெரியாது. இரண்டாம் பாகத்துக்கு ஓர் ஆண்டாக அவருக்கென்றே வசனம் எழுதிக்கொண்டிருந்ததாக கூக்ளர் பிறகு எழுதினார்.

உடன் வேலை செய்தவர்களுக்கு இது ஏமாற்றமில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விமானத்தை ஓட்டுபவரின் உடல்நிலை பயணிகளின் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதை மறைப்பது குற்றம். நடிகர் விஷயத்தில் பணயம் வைக்கப்பட்டது அவருடைய சொந்த உடம்பு. ஏற்றுக்கொண்ட வேடங்களை அவர் முடித்துக் கொடுத்தார். பாதியில் விட்டுப் போன படம் என்று அவர் பெயரில் ஒன்றும் இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் சுயநலமாக ஒதுங்கிக்கொண்டதற்கும் தடயமில்லை. ‘21 பிரிட்ஜஸ்’ படத்தில் சக நடிகை சியன்னா மில்லர் கேட்ட சம்பளத்தைத் தயாரிப்புத் தரப்பு தராதபோது, தன் சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்து அதை ஈடுசெய்தார் என்று அவர் இறந்த பிறகு மில்லரே வெளியே சொன்னார்.

சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு 2020 ஏப்ரலில் ஒரு முன்னோட்டமே நடந்தது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் மருத்துவமனைகளுக்கு 42 லட்சம் டாலர் மதிப்பிலான கொரோனா பாதுகாப்புக் கவசங்கள் நன்கொடையாகப் போவதைப் பற்றி அவர் ஒரு காணொளி வெளியிட்டார். பார்த்தவர்களில் பலருக்கு நன்கொடை கண்ணில் படவில்லை. அவர் ஏன் இப்படி மெலிந்துபோனார் என்பதே பேச்சானது. சிலர் கவலைப்பட்டார்கள், சிலர் கேலி செய்தார்கள், சிலர் இல்லாத கதைகளைக் கட்டினார்கள். ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் இவ்வளவு என்றால், நான்கு ஆண்டுகள் முன்பே நோயின் பெயரையும் கொடுத்திருந்தால் ஒவ்வொரு படத்தின் விமர்சனமும் மருத்துவ அறிக்கையாகத்தான் இருந்திருக்கும். நம் நாட்டில் இர்பான் கான் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தவர். 2018 மார்ச் தொடக்கத்தில் தனக்கு அரிய நோய் இருப்பதாக மட்டும் அறிவித்தார். அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், ஊகம் செய்யாதீர்கள் என்று. ஊகத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. மூளையில் கட்டி என்றுவரை செய்திகள் போயின. இரண்டு வாரங்களுக்குள் நியூரோஎண்டோக்ரைன் கட்டி என்று நோயின் பெயரையே அவர் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு நோயைப் பற்றி அவர் எழுதியது பலருக்கு ஆறுதலாக இருந்தது என்பதும் உண்மைதான். 2020 ஏப்ரல் 29இல் இர்பான் இறந்தார். நான்கு மாதம் கழித்து போஸ்மேன். இரண்டு வழிகளில் எது உயர்ந்தது என்று மதிப்பெண் போட நமக்கு வேலையில்லை. எந்த வழி என்று முடிவெடுக்கும் உரிமை இருவருக்கும் இருந்தது என்பதே போதும்.

இனி, கனமான ஆட்சேபம். பிரபலம் ஒருவர் நோயைப் பகிரங்கமாகச் சொன்னால் உயிர்கள் காப்பாற்றப்படும் என்பது வெறும் நம்பிக்கையல்ல, சான்றுள்ளது. பெருங்குடல் புற்றுநோயிலேயே அதற்கு உதாரணம் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கேட்டி கூரிக்கின் கணவர் 1998இல் இந்நோயால் இறந்தார். அவருக்கு வயது 42. 2000 மார்ச்சில் கூரிக் தனக்குக் கொலோனோஸ்கோபி செய்வதைத் தொலைக்காட்சியிலேயே காட்டினார். அதன் பிறகு அந்தப் பரிசோதனை செய்துகொள்வோர் எண்ணிக்கை சுமார் 20 சதவீதம் கூடியதை ஓர் ஆய்வு பதிவுசெய்தது. பெரிய சேவைதான். ஆனால், கூரிக் நோயாளி அல்ல. நோய் அவருடைய வேலைக்கு உலை வைக்கவில்லை. நோயோடு இருக்கும்போதே அறியப்பட்டவர்களுக்கு நேர்ந்தது வேறு. 1985இல் ராக் ஹட்சனுக்கு எய்ட்ஸ் என்று வெளியானபோது அரசும் மக்களும் அந்நோயைப் பேச ஆரம்பித்தார்கள் என்பது ஒரு பக்கம். அவரோடு முத்தக் காட்சியில் நடித்த நடிகைக்கு என்னாகும் என்று பத்திரிகைகள் பதறின; நடிகர் சங்கம் அத்தகைய காட்சிகளைப் பற்றி நடிகர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு எழுதியது என்பது மறுபக்கம். எய்ட்ஸும் புற்றுநோயும் ஒன்றல்ல. நோயாளி என்று தெரிந்தவரை அந்தத் தொழில் எப்படி நடத்தும் என்பதற்கு மட்டுமே இதைச் சொல்கிறேன்.

போஸ்மேனுக்கு நோய் கண்டறியப்பட்டபோது வயது 39 அல்லது 40. அப்போது அமெரிக்காவில் குடும்பத்தில் நோய் வரலாறு இல்லாதவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனை வயது 50. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதை 45 ஆகக் குறைத்தது 2018இல். அரசு ஏற்கும் தடுப்பு மருத்துவப் பணிக்குழு குறைத்தது 2021 மே மாதத்தில். இன்றைய புதிய வயது வரம்பின்படியும் அவர் தப்பியிருக்க முடியாது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளில் 55 வயதுக்குக் குறைந்தவர்கள் 1995இல் 11 சதவீதம், 2019இல் 20 சதவீதம். கறுப்பின அமெரிக்கர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும், அதனால் இறக்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதமும் மற்றவர்களைவிட அதிகம். இந்தப் புள்ளிவிவரங்கள் மருத்துவ உலகுக்குப் புதியவை அல்ல. இறப்பு விகிதம் இவ்வளவு விலகி நிற்பதற்கு விழிப்புணர்வுக் குறைவு ஒரு சிறு காரணம்தான். காப்பீடு இல்லாமை, அருகில் மருத்துவமனை இல்லாமை, மலத்தில் ரத்தம் போகிறது என்று இளைஞர் சொன்னால் மூலமாக இருக்கும் என்று அனுப்பிவிடும் மெத்தனம் ஆகியவையே பெரும் காரணங்கள். சுகாதாரத் துறை செய்ய வேண்டிய வேலையைச் சாகக் கிடக்கும் ஒரு நடிகர் தன் முகத்தைக் கொடுத்துச் செய்திருக்க வேண்டும் என்பது கேட்பவருக்குச் சுலபம். அவர் இறந்த பிறகு அந்நோயைப் பற்றிய இணையத் தேடல்கள் எகிறின. சொல்லாமல் போனதால் அந்தப் பயன் அழிந்துவிடவில்லை, தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் யாரேனும் ஒருவர் தப்பியிருக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால், என்னிடம் முழு மறுப்பு இல்லை. அதற்காக ஒருவரின் கடைசி நான்கு ஆண்டுகளைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு வந்துவிடாது என்பதுதான் என் பதில்.

குறை சொன்னவர்களைவிடப் புகழ்ந்தவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். ‘கீமோதெரபிக்கு நடுவில் சண்டைக் காட்சியில் நடித்தார், நீ சளிக்கு விடுப்பு கேட்கிறாயா?’ என்ற தொனியில் அன்று எத்தனையோ வாசகங்கள் சுற்றின. அவை நோயாளிகளின் கண்ணிலும்தான் பட்டிருக்கும். கீமோதெரபி முடிந்து எழுந்து உட்காரவே முடியாதவர், வேலையை விட்டவர், வலிக்கிறது என்று வாய்விட்டு அழுதவர் இவர்களெல்லாம் மன உறுதி குறைந்தவர்களா? போஸ்மேனுக்கு நல்ல மருத்துவர்கள் இருந்தார்கள், பணம் இருந்தது, ரகசியம் காத்த சிறு வட்டம் இருந்தது, படங்களுக்கு இடையே ஓய்வெடுக்க மாதங்கள் இருந்தன. ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. போஸ்மேன் செய்ததை அளவுகோலாக்கினால், முதலாளிகளுக்குத்தான் லாபம். மறைத்தால் மட்டுமே வேலை என்ற நிலையை மாற்றச் சொல்ல வேண்டிய நேரத்தில், மறைக்கத் தெரிந்தவருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தோம்.

இன்னொரு பழக்கமும் அந்த நாள்களில் தொற்றிக்கொண்டது. பழைய படங்களையும் பேட்டிகளையும் திரும்பப் போட்டு, நோயின் தடயம் தெரிகிறதா என்று தேடுவது. ‘பிளாக் பேந்தர்’ வெளியான காலத்தில் ஒரு வானொலிப் பேட்டியில், படம் வரும்வரை உயிரோடிருக்க ஆசைப்பட்டு இறந்துபோன இரண்டு புற்றுநோய்ச் சிறுவர்களைப் பற்றிச் சொல்லும்போது போஸ்மேன் உடைந்து அழுதார். அவர் இறந்த பிறகு அந்தக் காட்சி கோடிக்கணக்கானோரிடம் போனது, ‘அன்று அவர் தனக்காகவே அழுதார்’ என்ற விளக்கத்தோடு. ஏன் அப்படி? பிறர் பிள்ளைகளுக்காக ஒருவர் அழக்கூடாதா? ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ படத்துக்கு நேர்ந்ததும் இதுதான். 2019இல் பிட்ஸ்பர்க்கில் படமாகி, அவர் இறந்து சில மாதங்கள் கழித்து வெளிவந்த படம் அது. 1927 சிகாகோவில் ஒரு பாட்டுப் பதிவுக்கூடத்தில் நடக்கும் கதை. எக்காளம் வாசிக்கும் லெவி என்ற இளைஞனாக போஸ்மேன். தன் தாய்க்கு வெள்ளையர்கள் இழைத்த கொடுமையைச் சொல்லும் இடத்திலும், கடவுளை நோக்கிச் சீறும் இடத்திலும், சாகப்போகிறவரின் ஓலம் கேட்கிறது என்று பலர் எழுதினார்கள். அந்தச் சீற்றம் மூல நாடகத்தின் ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் எழுதியது. அதற்குக் குரலும் மூச்சும் நடையும் கண்டுபிடித்தது போஸ்மேனின் பல ஆண்டுப் பயிற்சி. லெவியின் திமிர், அவசரம், பளபளக்கும் மஞ்சள் காலணி மீது அவனுக்குள்ள மோகம், ஏமாற்றப்பட்டதும் தவறான ஆள்மீது திரும்பும் வெறி எல்லாம் கூர்ந்து கட்டப்பட்டவை. நோய்தான் நடித்தது என்று சொன்னால் அவருடைய கலையை நாமே பிடுங்கிக்கொள்கிறோம். திரைத் துறையின் அஞ்சலியும் இதே வழியில்தான் போனது. 2021 ஏப்ரல் ஆஸ்கர் விழாவில், வழக்கமாகக் கடைசியில் வரும் சிறந்த படத்தை முன்னால் தள்ளி, சிறந்த நடிகர் விருதை இறுதிக்கு வைத்தார்கள். போஸ்மேன் பெயரோடு கண்ணீரில் விழா முடியும் என்ற திட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. விருது அந்தோணி ஹாப்கின்ஸுக்குப் போனது; அவர் விழாவுக்கே வரவில்லை. இறந்தவரின் பேரில் காட்சி அமைத்தவர்களுக்கு அந்தச் சங்கடம் தேவைதான்.

அவரை வேலை செய்தவராக நினைவுகூர்வதென்றால், அவருடைய வேடங்கள் தொடர்ந்து உயிரோடிருக்க வேண்டும். இங்கே மார்வெல் நிறுவனத்தோடும் எனக்கு வேறுபாடு உண்டு. டி’சாலா வேடத்தில் இனி யாரும் நடிக்க மாட்டார்கள் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2022இல் வந்த ‘வக்காண்டா ஃபாரெவர்’ படத்தின் தொடக்கத்திலேயே பெயர் சொல்லப்படாத ஒரு நோயால் அரசன் இறக்கிறான். மரியாதையாகத்தான் செய்தார்கள், படத்தில் உண்மையான துயரமும் இருந்தது. ஆனாலும் நடிகரின் நோயைப் பாத்திரத்துக்கும் ஏற்றிவிட்டார்கள். வேறொருவரை நடிக்கவையுங்கள், கறுப்பினக் குழந்தைகளுக்குக் கிடைத்த அரசனைச் சாகடிக்காதீர்கள் என்று மனுப் போட்ட ரசிகர்களை அன்று பலர் நன்றி கெட்டவர்களைப் போலப் பார்த்தார்கள். அந்த ரசிகர்கள் சொன்னதில் நடிப்புத் தொழிலைப் பற்றிய சரியான புரிதல் இருந்தது. லெவி வேடத்தை 1984இல் பிராட்வே மேடையில் செய்து பெயர் வாங்கியவர் சார்லஸ் டட்டன். போஸ்மேன் பிறகு வந்தவர்தான். ஜாக்கி ராபின்சன் கதை 1950இல் முதலில் படமானபோது அதில் ராபின்சனாக நடித்தவர் ராபின்சனேதான். 63 ஆண்டுகள் கழித்து அதே மனிதராக போஸ்மேன் களமிறங்கியபோது அவமரியாதை என்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை. 90 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ரேச்சல் ராபின்சன், தன் கணவராக நடிக்க வந்த அந்த அதிகம் அறியப்படாத இளைஞரை உட்காரவைத்துப் பேசி, படத்துக்குத் துணை நின்றார்.